துண்டுக்குள்ள பேசி முடிச்ச காரு

உக்காருங்க தம்பி, உக்காருங்க. இந்தத் தலகாணிய நான் மடியில வெச்சுக்கறேன். எடம் தாராளமா இருக்குது.

நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. கண்டக்டரும் டிக்கெட்டுக் கிழிக்கையில இப்படித்தான் தலகாணியவும் பாத்தாரு, என்னையும் பாத்தாரு, ஐயோ பாவம்னு ஒரு மொகத்தை வெச்சுட்டு அக்கட்டால போயிட்டாரு. எனக்கு மூலமெல்லாம் இல்லீங்க. பாறை மேல உக்காந்து பொழுதன்னைக்கும் யாவாரம் பேசுன ஒடம்பு இது. இது காருக்குப் போடற தலகாணி. டிரைவர் சீட்டுல போட்டு மேல உக்காரறதுக்கு. தொட்டுப் பாருங்க, சும்மா தொடுங்க. உள்ள எலவம்பஞ்சு, மேல ரெக்சின். வண்டியில சீட்டு என்ன மெரூனோ அதே மெரூனுதான் வேணும்னு காங்கேயத்துல டெய்லரைப் படாத பாடு படுத்திட்டேன்.

காரு யாருதுன்னா கேட்டீங்க? என்றதுதானுங்க. ஸ்டாண்டர்ட் ஹெரால்டுன்னு ஒரு வண்டி. உங்களுக்குத் தெரியாது, உங்க அப்பாவக் கேளுங்க, சொல்லுவாரு. ரெண்டே கதவு. பானெட்டைத் தூக்குனா மூஞ்சியோட சேந்து மொத்தமா முன்னால சாஞ்சுக்கும், மாடு தலையக் குனிஞ்சு குடுக்கற மாதிரி. வானத்து நீலம். பெருமைக்குச் சொல்லலீங்க, கோயமுத்தூர்ல இருந்து ஆளுக வந்து போட்டோ எடுத்துட்டுப் போனாங்க.

சரி, காரு வெச்சிருக்கறவன் எதுக்குத் தலகாணியக் கட்டிப் பிடிச்சுட்டுத் தாராபுரம் பஸ்சுல போறான்னு நெனைக்கறீங்க. இல்லீன்னு தலையாட்டாதீங்க, மொகத்துலயே இருக்குது. நான் மாட்டுத் தரகனுங்க, பேரு சென்னியப்பன். மொகத்தைப் பாத்தே உள்ள என்ன ஓடுதுன்னு சொல்றதுதான் என்ற பொழப்பு.

எங்க யாவாரம் எப்படி நடக்கும்னு தெரியுங்களா? சந்தையில வெலைய வாயில சொல்றதில்லீங்க. சுத்தியும் எத்தனையோ காது நிக்குமல்ல. விக்கறவரு கை, வாங்கறவரு கை, ரெண்டையும் ஒரு துண்டைப் போட்டு மூடி, உள்ள வெரலைப் பிடிச்சுத்தான் பேச்சு. ஒரு வெரலைப் பிடிச்சா ஒரு கணக்கு, நாலையும் சேத்துப் பிடிச்சா ஒரு கணக்கு. கட்டுபடியாகலீன்னா வெரலை ஒதறிருவாங்க. மேல மொகத்துல ஒண்ணும் காட்டிக்க மாட்டாங்க. இந்த வருசம் மழை எப்படீன்னு பேசிட்டிருப்பாங்க, கீழ பெரிய பெரிய யாவாரமெல்லாம் படிஞ்சிரும். அந்த வெலை அந்த ரெண்டு கைக்குத்தான் தெரியும். கட்டுன பொண்டாட்டி கேட்டாக்கூடச் சொல்லப்படாது. ஆனா நான் சொல்லிருவேன். தோள்பட்டை எறங்கறதையும் துண்டு அசையறதையும் பாத்தே என்ன வெலைன்னு சொல்லிருவேன். சந்தையில யார வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

அப்புறம் கயிறு. மாட்டை விக்கறவன் தன்ற கயித்தை அவுத்து எடுத்துக்குவான். கயித்தையும் சேத்துக் குடுத்தா அந்த ஊட்டு லட்சுமியும் கூடவே போயிருமல்ல. வாங்கறவன்தான் புதுக்கயிறு கொண்டாந்து கட்டிப் பிடிச்சுட்டுப் போகோணும். கயிறு மாறிருச்சுன்னா மாடு மாறிருச்சு. பத்திரமும் கெடையாது, ஸ்டாம்பும் கெடையாது. ஒருத்தன் மேல ஒருத்தன் பிராது குடுத்து நான் பாத்ததில்லீங்க.

ஊதியூருக்கு அக்கட்டால மயில்சாமியண்ணன்னு ஒருத்தரு, பெரிய தோட்டக்காரரு. அவரு கட்டுத்தரைக்கு ஒரு காளை பாக்கப் போனேன். காளை சுமாருதான். ஆனா அதுக்குப் பின்னால, வைக்கோலுக்கு நடுவுல இந்தக் காரு நின்னுட்டிருந்துது. சக்கரத்துல காத்தில்ல, கண்ணாடியில ஒரே எச்சம். பின்சீட்டுல ஒரு கோழி அடை உக்காந்திருந்துது, என்னையப் பாத்து உன்ற வேலையப் பாருன்னு ஒரு சத்தம் போட்டுது. எனக்கு என்னமோ பண்ணீருச்சுங்க. சின்ன வயசுல இந்தக் காரு எங்கூருத் தேருக்கு வந்து நின்னப்ப, தேரை உட்டுட்டு இதைச் சுத்தி வந்தவன் நான். 'அண்ணா, காளை இருக்கட்டுங்க, இது என்ன வெலை?'ன்னேன். அவரு என்னைய உத்துப் பாத்துட்டு, துண்டை எடுன்னாரு.

அங்கியே துண்டைப் போட்டு, அங்கியே பேசி, அங்கியே முடிச்சாச்சு. சாவி கேட்டேன். 'தரகு பண்ற நீயே இப்படிக் கேட்டா எப்படியப்பா? மாட்டை விக்கறவன் கயித்தைக் குடுப்பானா?'ன்னாரு. நாயம்தானே? புக்கு எங்கீங்கண்ணான்னேன். 'எங்காச்சும் கெடக்கும், இல்லீன்னா அந்தக் கோழி தின்னிருக்கும்'ன்னாரு. நான் போயிப் புதுக்கயிறு ஒண்ணு வாங்கியாந்து, முன் பம்பர்ல கட்டி, டிராக்டர்ல இழுத்துட்டு வந்துட்டேன். கயிறு மாறிருச்சு. வண்டி என்றது.

வசந்தாமணி, என்ற ஊட்டுக்காரி, வாசல்ல வந்து காரைச் சுத்திச் சுத்திப் பாத்தா. 'ஏனுங்க, பல்லைப் பிடிச்சுப் பாத்தீங்களா? சுழியெல்லாம் நல்லா இருக்குதுங்களா?'ன்னா.

அவளுக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி. மத்தபடி ஒரு கொறை சொல்ல முடியாதுங்க. வருசம் பூராவும் ஒரே ஒரு பாட்டுத்தான் பாடுவா, நெய்க்காரப்பட்டிக்குப் போகோணும், அண்ணனைப் பாக்கோணும்னு. அவ பொறந்த ஊருங்க அது, பழனிக்கு அக்கட்டால. நான் கூட்டீட்டுப் போக மாட்டேன்னு ஒரு நாளும் சொன்னதில்லீங்க. தேர்ச்சந்தை முடியட்டும்னுதான் சொல்லுவேன். அது முடிஞ்சா அந்தியூர்ச் சந்தை வந்துரும். எப்பப் பாத்தாலும் ஏதாச்சும் ஒரு சந்தை வந்துட்டேதான் இருக்குது, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

காருக்கு வர்றேன். ரெண்டு வருசத்துக்கு மேல பிடிச்சுதுங்க அதை மனுசனாக்க. அடித்தகரம் பூரா துருப்பிடிச்சு அப்பளமா நொறுங்குது. இஞ்சினைப் பிரிச்சா உள்ள எலிக்குடும்பம். ஒரு கார்ப்பரேட்டருக்காக ஈரோடு, கரூர், திண்டுக்கல்னு அலைஞ்சு கடைசியில சேலத்துல ஒரு பழைய இரும்புக் கடையில பிடிச்சேன். சாவிக்காரனைக் கூட்டியாந்து புதுச்சாவி அடிச்சேன். சந்தைக்குக்கூட நான் ஒழுங்காப் போகலீன்னா பாத்துக்கங்க. மொதமொதல்ல இஞ்சின் பிடிச்ச அன்னைக்கு, சொன்னா வெக்கம், நான் அழுதுட்டேன். வசந்தாமணி காப்பித் தண்ணியோட வந்து, 'கன்னு போட்டுருச்சுங்களா?'ன்னு கேட்டா.

பொங்கலுக்கு முன்னால ஒரு நாள், மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, மெயின் ரோட்டுக்கு ஏறுனனுங்க. காங்கேயம் போயிச் சேரலீங்க. ஒரு இன்ஸ்பெக்டரு கை காட்டுனாரு. அவரும் போட்டோ எடுக்கத்தான் நிறுத்தறாருன்னு நெனச்சு நான் இறங்கிச் சட்டைய இழுத்து உட்டுட்டு நின்னேன். ஆர்.சி. புக்குன்னாரு. இல்லீங்கன்னேன். இன்சூரன்சுன்னாரு. புக்கு இருந்தாத்தானுங்களே அதுன்னேன். 'அப்ப இது உங்க வண்டின்னு நான் எப்படி நம்புறது?'ன்னாரு.

நான் டிக்கியத் தொறந்து கயித்தை எடுத்துக் காட்டுனேன்.

சிரிக்காதீங்க தம்பி. என்ற கையில இருந்த ரெக்கார்டு அது ஒண்ணுதான். அவரு தெக்கத்திப் பக்கத்து ஆளு, நம்ம நாயம் அவருக்குப் பிடிபடல. கயித்தை வாங்கி முன்னயும் பின்னயும் பாத்துட்டு, 'இதுல எங்கய்யா நம்பர் இருக்கு?'ன்னாரு. கூட நின்ன போலீஸ்காரங்க அந்தப் பக்கமாத் திரும்பீட்டாங்க.

வண்டியக் கொண்டுபோயி ஸ்டேசன் புளியமரத்தடியில நிறுத்தீட்டாங்க. ஒரு பக்கம் மணல் லாரி, ஒரு பக்கம் பிஞ்சு போன ஆட்டோ, நடுவுல என்ற வண்டி. காத்தால சாணி அள்ளுன கையோட ஈரத்துணிய எடுத்துட்டு ஸ்டேசனுக்குப் போயிருவேன், காக்கா எச்சத்தைத் தொடைக்க. 'பேப்பர் கொண்டாந்தா வண்டிய எடுத்துட்டுப் போங்க. இல்லீன்னா ஏலத்துக்குப் பட்டியல் போகையில இதுவும் பழைய இரும்போட சேந்து போயிரும், பாத்துக்கங்க'ன்னு ஏட்டையா சொன்னாரு. நல்ல மனுசன், பயமுறுத்தோணும்னு சொல்லல. பழைய இரும்பா? அந்தக் கதவைச் சாத்துனா எப்படிச் சத்தம் வரும்னு தெரியுங்களா உங்களுக்கு?

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓடுனேன். மெட்ராஸ் ஸ்டேட்டா இருந்த காலத்துல குடுத்த நம்பரு அது. அங்க ஒரு கண்ணாடி போட்ட அம்மிணி, பாவம், தும்மிக்கிட்டே பழைய ரிஜிஸ்டரைப் பூராவும் தேடிக் கண்டுபிடிச்சாங்க. 'கமலாத்தாள், தகப்பனார் பேரு முத்துச்சாமி'ன்னு படிச்சாங்க. மயில்சாமின்னு பாருங்கம்மான்னேன். 'மயில்சாமின்னு யாருமே இல்லீங்க. இந்தக் கமலாத்தாள் வந்து கையெழுத்துப் போட்டு, புக்கு தொலைஞ்சுதுன்னு எழுதிக் குடுத்து, டூப்ளிகேட் வாங்கோணும். அப்புறம்தான் பேரு மாத்தறது. அவங்க உயிரோட இருக்கறாங்களா?'ன்னு கேட்டாங்க.

இருக்கறாங்கம்மா, போன தடவ எனக்கு மோர் குடுத்தாங்கன்னேன். மயில்சாமியண்ணன் சம்சாரமுங்க.

இவ்வளவுதானா, ஒரு கையெழுத்துத்தானேன்னு ஸ்டாம்பு பேப்பரோட நேரா ஊதியூருக்குப் போனேன். கமலாத்தக்கா முருங்கைக்கீரை உருவிட்டிருந்தாங்க. எழுவது தாண்டுன வயசு, ஒத்த நாடி ஒடம்பு. காரை வித்ததுக்கு ஒரு கையெழுத்து வேணுமுங்கக்கான்னேன். 'நான் எங்க வித்தேன்?'ன்னாங்க. நான் மயில்சாமியண்ணனைப் பாத்தேன். அவரு தென்னைமரத்தைப் பாத்தாரு, மொதமொதல்ல பாக்கற மாதிரி.

அடுத்த வாரம் கூடை நெறைய மாம்பழத்தோட போனேன். வாங்கி வெச்சுட்டாங்க. அதுக்கு அடுத்த வாரம் போனா, 'மாம்பழம் நல்லா இருந்துதுங்க தரகரே'ன்னாங்க. கையெழுத்தைப் பத்திப் பேச்சே இல்ல. மயில்சாமியண்ணனை ஓரமாக் கூப்பிட்டு, சொல்லுங்கண்ணான்னேன். 'யப்பா, நான் அவகிட்டப் பேசி ரெண்டு வாரமாச்சு. ரிஜிஸ்டர்ல அவ பேரு இருக்குதுன்னு நீ வந்து சொன்னயல்ல, அன்னைக்கிருந்து சோத்தை மட்டும் வெக்கறா'ன்னாரு. இவ்வளவு நாளாப் பேரு யாரு பேருன்னு அவருக்கே ஞாபகமில்லீங்க. அக்காளுக்கு இருந்திருக்குது.

அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துது. பொம்பளைக்குப் பொம்பளை பேசுனாப் படியுமல்ல? வசந்தாமணியக் கூட்டீட்டுப் போனேன். யோசனை என்றதுதான். அவளும் அதுக்கு முன்னால, 'என்னையக் கூட்டீட்டுப் போங்க, கூட்டீட்டுப் போங்க'ன்னு சொல்லீட்டுத்தான் இருந்தா, அது வேற விசயம்.

போனதும் அக்காளும் இவளும் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிப் பக்கம் போயிட்டாங்க. நாங்க ரெண்டு ஆம்பளைகளும் வாசல்ல கட்டிலைப் போட்டு உக்காந்துட்டு, மழை வருமா வராதான்னு பேசிட்டிருந்தோம். ரொம்ப நேரங்கழிச்சு வந்தாங்க. வசந்தாமணி மொகம் ஒரு மாதிரி இருந்துது. கமலாத்தக்கா என்ற முன்னால வந்து நின்னாங்க.

'தரகரே, எங்கப்பன் அந்தக் காரை எனக்கு வாங்கிக் குடுக்கையில என்ன சொன்னாருன்னு தெரியுங்களா? கண்ணு, கொழுமத்துல இருந்து இவ்வளவு தூரம் வாக்கப்பட்டுப் போறே, நெனச்சா நெனச்ச பொழுதுக்கு வந்து எங்களைப் பாத்துட்டுப் போன்னு சொன்னாரு. நானும் நெனச்சனுங்க. நெனைக்காத நாளில்ல. காரு பருத்தி மூட்டைய ஏத்தீட்டுப் போச்சு, சந்தைக்குப் போச்சு, எலக்சனுக்குப் போச்சு. எங்கப்பன் செத்தப்ப கொழுமத்துக்கு ஒருக்கா போச்சு. எங்கம்மா செத்தப்ப ஒருக்கா. அப்புறம் அதுல கோழி முட்டை வெச்சுது'ன்னாங்க. குரல் ஏறவும் இல்ல, எறங்கவும் இல்லீங்க.

எனக்கே மனசுக்குக் கஷ்டமாப் போச்சுங்க. மயில்சாமியண்ணன் பண்ணது தப்புத்தான், யாரா இருந்தா என்ன. கட்டுனவளை ஒரு எட்டு பொறந்த ஊட்டுக்குக் கூட்டீட்டுப் போக முடியாம அப்படி என்னங்க சந்தை, சந்தைன்னு? நான் அப்படித்தான் வாய் விட்டே சொன்னேன். வசந்தாமணி என்னையத் திரும்பி ஒரு பார்வை பாத்தா. என்னத்துக்குப் பாத்தாளோ.

'அன்னைக்குத் துண்டுக்குள்ள உங்க ரெண்டு பேரு கைதானே இருந்துது? என்ற கை இல்லையே. என்ற கையப் பிடிச்சு மொறையா வெலை பேசட்டும். படிஞ்சாக் கையெழுத்துப் போடறேன்'ன்னாங்க அக்கா. அடச் சே, இதுக்குத்தானா இவ்வளவும்னு நான் குஷியாத் தோள்ல இருந்த துண்டை உருவி, கைய நீட்டீட்டுப் போனேன். 'ஏனுங்க, உங்க கையவா நான் பிடிக்கறது? தள்ளி நில்லுங்க. அம்மிணி, நீ வா கண்ணு'ன்னுட்டாங்க.

என்ற துண்டுங்க. என்ற காரு. நான் மாட்டுக்குப் பக்கத்துல போயி நின்னுக்கிட்டேன்.

வசந்தாமணி இந்தச் சென்மத்துல சந்தைக்கு வந்தவ இல்ல. வெரல் கணக்கு அவளுக்கு என்ன தெரியும்? போச்சுடா, என்னத்தையோ ஒத்துக்கப் போறான்னு எனக்குத் திக்குத் திக்குங்குது. சரி, துண்டைப் பாத்தாவது கண்டுபிடிப்போம்னு கண்ணை நட்டு வெச்சுட்டுப் பாத்தேன். மொதல்ல அக்கா என்னமோ பிடிச்சாங்க. இவ மாட்டேன்னு தலைய ஆட்டுனா. மறுபடி பிடிச்சாங்க. அப்புறம் துண்டு அசையவே இல்லீங்க. நான் இத்தன வருசமாப் பாத்த யாவாரத்துல துண்டு அப்படிச் சும்மா நின்னதே இல்ல. ரெண்டு பேரும் மழை பேசல, மாடு பேசல. ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்துட்டே நின்னாங்க. வசந்தாமணி கண்ணுல தண்ணி கட்டி நின்னுது. ஐயோ, பெரிய வெலையாட்ட இருக்குதேன்னு நான் தூணைப் பிடிச்சுட்டேன். கடைசியில ரெண்டு பேரும் ஒண்ணாச் சிரிச்சாங்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மாதிரி. முடிஞ்சுது.

அக்கா கையெழுத்துப் போட்டாங்க. போட்டுட்டு மடியில முடிஞ்சு வெச்சிருந்ததை அவுத்து வசந்தாமணி கையில வெச்சாங்க. என்னன்னு பாத்தா, காரு சாவி! வண்டியோட வந்த ஒரிசினல் சாவிங்க. மயில்சாமியண்ணன் வாயைப் பொளந்துட்டாரு. கயித்தைக் குடுப்பானான்னு எங்கிட்ட எவ்வளவு நாயம் பேசுனாரு, சாவி அவருகிட்ட இருந்திருந்தாத்தானுங்களே குடுக்கறதுக்கு! வண்டி நின்னு போனதுல இருந்து அது அக்கா மடியிலதான் இருந்திருக்குது.

வெலை என்னடின்னு வர்ற வழியெல்லாம் கேட்டேன். 'துண்டுக்குள்ள பேசுனதை வெளிய சொல்லலாமுங்களா? நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க'ங்கறா. ஊட்டுல பணம் எதுவும் போகலீங்க, நான் பாத்துட்டேன். நகையும் பீரோவுல அப்படியே இருக்குது. அப்புறம் என்னதான் வெலை?

அதுக்கப்புறம் வேலை கடகடன்னு நடந்துதுங்க. ஆர்.டி.ஓ. ஆபீசுல இருந்து ஒரு அதிகாரி ஸ்டேசனுக்கே வந்து வண்டியப் பாத்தாரு. சேசிஸ் நம்பர் மேல பேப்பரை வெச்சுப் பென்சிலால தேச்சு எடுத்தாங்க, ரிஜிஸ்டர்ல இருக்கற நம்பரோட அச்சு அசலா ஒத்துப் போச்சு. பிரேக்கு பாத்தாரு, லைட்டு பாத்தாரு, அந்த அதிகாரியே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு இறங்க மனசில்லாம இறங்குனாரு. புக்கும் வந்துது. வசந்தாமணி பேருல.

அது என்ற முடிவுதானுங்க. அதாவது, ஃபாரத்துல வாங்கறவரு பேருங்கற எடத்துல அவ தன்ற பேரை எழுதியிருந்தா. என்ன புள்ள இதுன்னேன். 'துண்டுக்குள்ள யாரு கை இருந்துதோ அவங்கதான வாங்குனவங்க?'ன்னா. நாயம்தானே? நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். 'நீ எனக்குத் தரகு பேசத்தானே கைய உட்டே?'ன்னு லேசாச் சொல்லிப் பாத்தேன். 'அப்ப என்ற தரகுக்காசை எடுங்க'ன்னா. இந்த வாய்க்கு நான் என்ன பண்றது. ஸ்டேசன்ல வண்டிய விடுவிக்கப் போனப்ப ஏட்டையா புக்குல பேரைப் படிச்சுட்டு, என்னைய ஏற எறங்கப் பாத்து, 'நீங்க அவங்க டிரைவருங்களா?'ன்னாரு. வெளையாட்டுக்குத்தான் கேட்டாரு, நல்ல மனுசன்.

டிரைவரும் நான் இல்லீங்க இப்ப. அடுத்த வாரமே டிரைவிங் ஸ்கூல்ல சேந்துட்டா. இந்த வயசுக்கு மேல என்ன புள்ளைன்னா, 'வண்டி என்ற பேருல இருக்குதுங்க, ஓட்டத் தெரியலீன்னா நாலு பேரு சிரிப்பாங்க'ங்கறா. அதுவும் சரிதான். மொதல் தடவையிலயே லைசன்சு வாங்கீட்டா. எனக்கு மூணாவது தடவதான் குடுத்தாங்க. அப்பெல்லாம் டெஸ்டு ரொம்பக் கெடுபிடிங்க.

இன்னைக்குக் காத்தால வண்டிய எடுத்துட்டு ஊதியூர் போயி அக்காளை ஏத்தறா. அங்கிருந்து ரெண்டு பேருமாக் கொழுமம். அக்கா பொறந்த ஊட்டுல யாரும் இல்லீங்க, இப்ப வேற ஆரோ குடியிருக்கறாங்க. இருந்தாலும் அமராவதி ஆத்துல காலை நனைச்சுட்டு வரோணுமாம். அப்புறம் நெய்க்காரப்பட்டி. ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் வருவாங்களாம். போன வாரமும் போனாங்க. அதுக்கு முந்தின வாரமும்.

நீங்க போகலியான்னா கேக்கறீங்க? வரச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. ரெண்டு கதவு வண்டிங்க தம்பி. பின்சீட்டுக்குப் போகோணும்னா முன்சீட்டை மடக்கி, ஒடம்பைக் குறுக்கி, ஆமை மாதிரி நுழையோணும். என்ற முட்டி ஒத்துக்காது. அதுவுமில்லாம நாளைக்குச் சந்தை.

இந்தத் தலகாணி எதுக்குன்னா, அவ கொஞ்சம் குள்ளம். சீட்டுல உக்காந்தா ரோடு தெரியறதில்ல. அதுக்கு என்ற துண்டை நாலா மடிச்சு அடியில போட்டு உக்காந்துக்கறா. அந்தத் துண்டுதான், அதே துண்டு. அன்னைக்கு வாங்குனவ திருப்பிக் குடுக்கவே இல்லீங்க. வேற துண்டு போட்டுப் பாத்தேன், எனக்குச் செட்டாகல. பாத்தீங்களா, தோளு மொட்டையா இருக்குது. சந்தையில எல்லாரும் கேக்கறாங்க, என்ன தரகரே, துண்டு எங்கன்னு. டெய்லரு இன்னைக்குத்தான் தலகாணியத் தெச்சுக் குடுத்தாரு, அதுக்குள்ள அவ கெளம்பீட்டா. அதான், தாராபுரம் பஸ்டாண்டு பேக்கரியில நிக்கச் சொல்லியிருக்கறேன். தலகாணியக் குடுத்துட்டு, துண்டை வாங்கீட்டு, அடுத்த பஸ்சுல திரும்பிருவேன். மாட்டுக்குத் தண்ணி காட்டோணுமல்ல.

ஊதியூர் தாண்டிருச்சா?

பின்னால ஆரன் சத்தம் கேட்டுதுங்களா? தம்பி, கொஞ்சம் சாயுங்க. அதா! அதா வருது பாருங்க! நீலக் கலரு! டிரைவரண்ணா, கொஞ்சம் ஓரங்கட்டுங்க, என்ற வண்டி, என்ற வண்டி வருது! பாத்தீங்களா, இஞ்சின் சத்தத்தைக் கேட்டீங்களா, ஒரு கடமுடா இருக்குதா? வசந்தாமணீ! இந்தா, தலகாணி! இங்க பாரு!

பாக்கலியாட்ட இருக்குது. இல்லீங்க, பாத்தா, பாத்தா. அக்காதான் கண்ணாடிய எறக்கிக் கையக் காட்டுனாங்க. அவ ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டா, நல்லா ஓட்டுவா. சிரிச்சுட்டே போறா, பாத்தீங்களா? அவ அப்படிச் சிரிச்சு நானே பாத்து ரொம்ப வருசமாச்சுங்க. கலியாணமான புதுசுல, நெய்க்காரப்பட்டியில இருந்து மாட்டு வண்டியில வரையில ஒருக்கா சிரிச்சா. என்ன சொன்னதுக்குச் சிரிச்சான்னு இப்ப ஞாபகமில்ல.

போயிட்டாங்க. நம்ம பஸ்சு இன்னும் மெதுவாத்தான் போகும்.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது தம்பி, புக்கு வந்துருச்சு, வண்டி ஓடுது, இனி யாரு கை காட்டுனாலும் பயமில்ல. ஒண்ணே ஒண்ணுதான் இன்னைக்கு வரைக்கும் பிடிபடல. இந்த ஜில்லாவுல யாரு துண்டைப் போட்டாலும் வெலைய நான் சொல்லிருவேன். அன்னைக்கு அந்த ரெண்டு பேரும் என்னதான் வெலை பேசியிருப்பாங்க?

ஏனுங்க தம்பி, எதுக்குச் சிரிக்கறீங்க?